பெயர் இல்லாமல் இருந்த ஒரு கொடுமை: பணியிடத் துன்புறுத்தலின் வரலாறு

தொழிற்சாலைகளின் வரலாற்றைப் புரட்டினால் பலவகைக் கணக்குகள் கிடைக்கும். இயந்திரத்தில் கை போனவர்கள் எத்தனை பேர், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் எத்தனை பேர், தீ விபத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1833லேயே தொழிற்சாலைகளைச் சோதனையிட அரசு ஆய்வாளர்களை நியமித்துவிட்டது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் தினம் தினம் அவமானப்பட்டு, தூக்கம் கெட்டு, தன்மேலேயே நம்பிக்கை இழந்து, கடைசியில் வேலையையும் இழந்தவர்களின் கணக்கு 1980களுக்கு முன்பு அநேகமாக எங்குமே கிடையாது.

அப்படிப்பட்டவர்கள் அப்போது இல்லையா? நிச்சயம் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு நேர்ந்ததற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை எண்ண முடியாது, அதைப்பற்றிப் புகார் கொடுக்க முடியாது, வழக்குப் போடவும் முடியாது. "அவனுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியல", "அந்தம்மாவுக்கு நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள்.

இந்தக் கொடுமைக்கு எப்படிப் பெயர் வந்தது, பெயர் வந்த பிறகு எப்படிச் சட்டம் வந்தது, பிறகு எப்படி ஒரு மாபெரும் நிறுவனத்தின் தலைவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார் என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த வரலாறு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கோளாறு அந்த ஆளிடமா, அந்த இடத்திலா?

பறவைகளிடமிருந்து வந்த சொல்

பட்டப்பகலில் வெளியே வந்துவிட்ட ஆந்தையைக் காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து கொத்தித் துரத்துவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். இப்படிச் சிறிய பறவைகள் ஒன்று சேர்ந்து ஒரு பெரிய பறவையையோ மிருகத்தையோ விரட்டுவதை விலங்கியலில் 'மாபிங்' என்று சொல்வார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த விலங்கு நடத்தை அறிஞர் கான்ராட் லோரன்ஸ், 1963இல் வெளிவந்த தமது நூலில் இதைப்பற்றி எழுதியிருந்தார்.

அந்தச் சொல்லை மனிதர்களுக்குப் பொருத்தியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர்-பால் ஹைனமன் என்ற மருத்துவர். பள்ளி மைதானத்தில் ஒரு குழந்தையைச் சுற்றி நின்றுகொண்டு மற்றக் குழந்தைகள் எல்லாம் சேர்ந்து வதைப்பதை 1969இல் அவர் 'மாப்னிங்' என்று எழுதினார். 1972இல் அதைப்பற்றித் தனியாக ஒரு புத்தகமே வெளியிட்டார். அடுத்து டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர் பள்ளிக் குழந்தைகளிடையே முறையான ஆய்வுகளைத் தொடங்கினார். ஆக முதலில் கவனிக்கப்பட்டது பள்ளிக்கூடம்தான். பெரியவர்களின் உலகத்திலும் இதே கதை நடக்கிறது என்பது பேசப்பட இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

யாரும் கவனிக்காத ஒரு புத்தகம்

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு முயற்சி நடந்தது. கேரல் பிராட்ஸ்கி என்ற மனநல மருத்துவர், வேலையால் உடல்நலம் கெட்டது என்று நஷ்ட ஈடு கேட்டு கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களில் மனுச் செய்தவர்களின் வழக்குகளை ஆராய்ந்து 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த மனுதாரர்களுக்குக் கை கால் முறியவில்லை. மேலதிகாரியோ உடன் வேலை செய்பவர்களோ விடாமல் சீண்டியதில், கிண்டல் செய்ததில், செய்யவே முடியாத வேலையைக் கொடுத்து நெருக்கியதில் அவர்கள் நொறுங்கிப் போயிருந்தார்கள்.

இன்று இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள் பிராட்ஸ்கியை முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள். வெளிவந்த காலத்தில் அந்தப் புத்தகத்தைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு.

ஹைன்ஸ் லைமன்

இந்த வரலாற்றின் முக்கியமான மனிதர் ஹைன்ஸ் லைமன். 1932இல் ஜெர்மனியில் பிறந்து இளம் வயதிலேயே ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தவர். உளவியல் படித்தவர். பயங்கர சம்பவங்கள் மனித மனத்தில் என்ன செய்கின்றன என்பதில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது. வங்கிக் கொள்ளையின்போது துப்பாக்கி முனையில் நின்ற ஊழியர்களையும், தண்டவாளத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவர்கள் மீது வண்டி ஏறுவதைக் கண்ணால் பார்த்த ரயில் ஓட்டுநர்களையும் அவர் ஆராய்ந்திருந்தார். இது ஏன் முக்கியம் என்பது கொஞ்சம் பிறகு தெரியும்.

1980களின் தொடக்கத்தில் அவர் வேலையிடங்களில் 'சிக்கலான ஆசாமிகள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சந்தித்துப் பேச ஆரம்பித்தார். நிர்வாகத்தின் பார்வையில் இவர்கள் சண்டைக்காரர்கள், சந்தேகப் பிராணிகள், எதற்கெடுத்தாலும் அழுபவர்கள். லைமன் அவர்களுடைய பழைய கதையை வருஷ வாரியாகக் கேட்டார். அப்போதுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. பலர் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போல ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்தான். எங்கோ ஒரு சின்னத் தகராறு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு கூட்டம் அவர்கள்மேல் பாய்ந்திருக்கிறது. அதன்பிறகுதான் அவர்கள் 'சிக்கலான ஆசாமி' ஆகியிருக்கிறார்கள். அதாவது எல்லோரும் காரணம் என்று நினைத்தது உண்மையில் விளைவு!

1984இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் தம் முதல் அறிக்கையை வெளியிட்டார். 1986இல் பெரியவர்களிடையே நடக்கும் 'மாபிங்' பற்றிய புத்தகம் வந்தது. 1993இல் அவர் எழுதிய ஜெர்மன் நூலுக்குப் பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியா முழுவதும் இந்தச் சொல் பரவிவிட்டது.

எதைத் துன்புறுத்தல் என்று சொல்வது, எதைச் சாதாரண சண்டை என்று விடுவது? லைமன் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது, குறைந்தது 6 மாதங்களாவது தொடர்ந்து நடக்க வேண்டும். ஒரு நாள் கோபத்தில் திட்டுவது இதில் வராது. என்னென்ன செயல்கள் என்று 45 அடங்கிய ஒரு பட்டியலையும் தயாரித்தார். அதை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. பேச விடாமல் செய்வது. வாயைத் திறந்தாலே குறுக்கிடுவது, கத்துவது, எப்போதும் குறை சொல்வது.
2. ஒதுக்கி வைப்பது. அவரோடு யாரும் பேசக்கூடாது என்று சொல்வது, தனி அறையில் உட்கார வைப்பது, அவர் அங்கே இல்லாதது போலவே நடந்துகொள்வது.
3. பெயரைக் கெடுப்பது. வதந்தி, கேலி, நடையையும் குரலையும் நடித்துக் காட்டுவது.
4. வேலையை வைத்து வதைப்பது. வேலையே கொடுக்காமல் இருப்பது, அர்த்தமில்லாத வேலையைக் கொடுப்பது, தகுதிக்கு மீறிய வேலையைக் கொடுத்துத் தோற்க வைப்பது.
5. உடல்நலத்துக்கு ஆபத்தான வேலை, மிரட்டல், தாக்குதல்.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். பல செயல்கள் தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. 'வணக்கம் சொன்னேன், பதில் சொல்லவில்லை' என்று யாராவது புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் சிரிப்பார்கள். ஆனால் அதே விஷயம் ஆறு மாதம் தினமும் நடந்தால் அது வேறு. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் பாறையைக் குடைவதைப் போன்றது இது.

ஸ்வீடனில் வேலை செய்பவர்களிடையே அவர் நடத்திய ஆய்வில் 3.5 சதவீதம் பேர் இந்த அளவுகோலுக்குள் வந்தார்கள். அன்றைய ஸ்வீடனின் 44 லட்சம் தொழிலாளர்களில் இது ஒன்றரை லட்சம் பேருக்கும் மேல்.

நான்கு கட்டங்கள்

லைமன் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே வரிசையில் போகும். முதல் கட்டம் ஒரு சின்ன மோதல். இரண்டாவது கட்டத்தில் கூட்டம் சேர்கிறது, சீண்டல் தினசரி வழக்கமாகிறது. மூன்றாவது கட்டத்தில் நிர்வாகம் தலையிடுகிறது. இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. நிர்வாகம் தலையிடும் நேரத்தில் பாதிக்கப்பட்டவர் ஏற்கெனவே பதறிப்போய், அழுதுகொண்டு, தவறுகள் செய்துகொண்டு இருக்கிறார். எதிர்த்தரப்பு பலர், அமைதியாக இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் யாரை நம்புவார்கள்? நிர்வாகம் பெரும்பாலும் பத்துப் பேர் சொல்வதையே எடுத்துக்கொள்கிறது. நான்காவது கட்டம் வெளியேற்றம். நீண்ட மருத்துவ விடுப்பு, இடமாற்றம், ராஜினாமா, அல்லது டிஸ்மிஸ்.

சில சமயம் மருத்துவர்களும் தம்மை அறியாமல் இதில் பங்கு பெற்றுவிடுகிறார்கள் என்று லைமன் எழுதினார். நோயாளி சொல்லும் அலுவலகக் கதையை நம்பாமல், அவருக்கு மனப்பிரமை என்றோ சுபாவக் கோளாறு என்றோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சீட்டு பிறகு நிர்வாகத்தின் கையில் ஆயுதமாகிவிடும்.

மனதுக்குள் என்ன நடக்கிறது?

பாதிக்கப்பட்டவர்களிடம் காணப்படும் அறிகுறிகள் நாட்டுக்கு நாடு அதிகம் மாறுவதில்லை. தூக்கமின்மை, ஞாயிற்றுக்கிழமை மாலையே தொடங்கிவிடும் வயிற்றுப் பிசைவு, கவனம் சிதறுதல், தலைவலி, படபடப்பு, எரிச்சல். கொஞ்ச நாளில் 'ஒருவேளை நான்தான் லாயக்கில்லாதவனோ' என்ற எண்ணம் வேர்விடுகிறது. வீட்டிலும் பேச்சு குறைந்துவிடும். நண்பர்கள் முதலில் ஆறுதல் சொல்வார்கள், பிறகு அதே கதையைக் கேட்டுக் கேட்டு விலகிப் போவார்கள். அலுவலகத்தில் தொடங்கிய தனிமை இப்படி வீடுவரை வந்துவிடுகிறது.

1996இல் லைமன் ஒரு சக ஆய்வாளருடன் சேர்ந்து ஸ்வீடனில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு வந்த 64 பேரைப்பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். போர்வீரர்களிடமும் பெரும் விபத்தில் தப்பியவர்களிடமும் பார்க்கப்படும் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' இவர்களிடம் கடுமையாக இருப்பதாக அவர் சொன்னார். நடந்தது திரும்பத் திரும்ப மனத்தில் ஓடுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்தக் கட்டடம் இருக்கும் தெருவையே தவிர்ப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

ரயில் ஓட்டுநர்களைப்பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? அவர்களோடு லைமன் இவர்களை ஒப்பிட்டார். ஓட்டுநருக்கு அந்தப் பயங்கரம் ஒரு முறை நடந்து முடிந்துவிடுகிறது, சுற்றி இருப்பவர்கள் ஆதரவாக நிற்கிறார்கள். துன்புறுத்தப்பட்டவருக்கோ அது முடிவதே இல்லை. ஒவ்வொரு விசாரணையும், ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு நிராகரிப்பும் புதிய அடியாக விழுகிறது. கூடவே அவரை யாரும் நம்புவதும் இல்லை.

லைமன் சொன்ன எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் அப்படியே ஏற்கவில்லை. இந்தக் கோளாற்றின் இலக்கணப்படி உயிருக்கு ஆபத்தான ஒரு சம்பவம் நடந்திருக்க வேண்டும், தினசரி அவமானத்தை அதில் சேர்க்கலாமா என்ற வாதம் தொடர்ந்து நடந்தது. நார்வேயைச் சேர்ந்த மோர்டன் நீல்சன், ஸ்டேல ஐனார்சன் இருவரும் உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2012இல் அலசினார்கள். துன்புறுத்தலுக்குப் பிறகு மனநலம் கெடுகிறது என்பது அதில் உறுதியானது. ஏற்கெனவே மனநலம் குன்றியவர்கள் துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்தது. அதாவது இது ஒரு விஷ வட்டம். அடி விழுந்தால் சோர்வு, சோர்ந்தவர் மேல் மேலும் அடி.

சொல் சட்டமாகிறது

1993இல் ஸ்வீடன், வேலையிடத்தில் ஒருவரை இழிவுபடுத்தி ஒதுக்குவதைத் தடுக்கத் தனி விதிமுறை வெளியிட்டது. அது 1994 மார்ச் 31 முதல் அமலுக்கு வந்தது. இப்படிப்பட்ட நடத்தை உருவாகாத வகையில் வேலையைத் திட்டமிட்டு நடத்துவது முதலாளியின் பொறுப்பு என்று அது சொன்னது. (2016இல் இதைவிட விரிவான புதிய விதிமுறை இதன் இடத்துக்கு வந்தது.)

பிரிட்டனில் இந்தப் பேச்சை மக்களிடம் கொண்டுபோனவர் ஆண்ட்ரியா ஆடம்ஸ் என்ற வானொலிப் பத்திரிகையாளர். 1980களின் இறுதியில் பி.பி.சி.யில் அவர் நிகழ்ச்சி ஒலிபரப்பியதும் நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1992இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. அங்கே பரவிய சொல் 'மாபிங்' இல்லை, 'புல்லியிங்'. இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாபிங் என்றால் கண்முன் ஒரு கூட்டம் வருகிறது. புல்லியிங் என்றால் ஒரு முரட்டு ஆள் வருகிறான்.

பிரான்சில் மரி-பிரான்ஸ் இரிகோயன் என்ற மனநல மருத்துவர் 1998இல் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 2002 ஜனவரியில் அங்கே சட்டமே வந்துவிட்டது. ஒருவருடைய வேலைச் சூழலைச் சீரழித்து, அவருடைய கண்ணியத்தையோ, உடல் மன நலத்தையோ, எதிர்காலத்தையோ பாதிக்கக்கூடிய தொடர்ச்சியான செயல்கள் குற்றம் என்று அது சொன்னது. கெடுக்கும் நோக்கம் இருந்தாலும் குற்றம், நோக்கம் இல்லாமல் விளைவு மட்டும் இருந்தாலும் குற்றம். இந்த 'அல்லது விளைவு' என்ற சின்ன வாசகம்தான் பின்னாளில் பெரிய வேலை செய்தது.

பிரான்ஸ் டெலிகாம்

பிரான்ஸ் டெலிகாம் நம் ஊர்த் தபால் தந்தித் துறையைப் போல ஒரு காலத்தில் அரசுத் துறை. 1990களில் கம்பெனியாக மாறியது. 2000இல் ஆரஞ்ச் என்ற கைபேசி நிறுவனத்தைப் பெரும் விலைக்கு வாங்கியது போன்ற செலவுகளால் கடனில் மூழ்கியது. 2004இல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே போனது. ஆனால் ஊழியர்களில் பெரும்பாலோர் இன்னும் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்தவர்கள். அவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது.

2006 முதல் 2008க்குள் சுமார் 1,20,000 பேரில் 22,000 பேரைக் குறைப்பது, 10,000 பேரை வேறு வேலைக்கு மாற்றுவது என்று நிர்வாகம் திட்டம் போட்டது. நீக்க முடியாதவர்களை எப்படிக் குறைப்பது? அவர்களாகப் போக வேண்டும். போகவில்லை என்றால்? 2006 அக்டோபரில் உயர் அதிகாரிகள் கூட்டத்தில் தலைவர் டிடியே லொம்பார், கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ எப்படியானாலும் அவர்களைப் போக வைப்பேன் என்ற பொருளில் பேசினார். அது குறிப்பேட்டில் பதிவாகிவிட்டது.

பிறகு நடந்தவற்றை லைமனின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபது, முப்பது வருடம் கம்பத்தில் ஏறி வயர் இழுத்த டெக்னீஷியனைத் தொலைபேசி விற்பனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிலரைத் திரும்பத் திரும்ப ஊர் மாற்றினார்கள். சிலருக்கு வேலையே கொடுக்கவில்லை. எத்தனை பேரை வெளியே அனுப்பினார்கள் என்பது மேலாளர்களின் போனஸில் சேர்ந்தது. மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. மரணத்தை எதிர்நோக்கும் நோயாளிகளின் மனநிலைபற்றி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய கருத்திலிருந்து எடுத்த வளைகோட்டை அங்கே காட்டினார்கள். மறுப்பு, கோபம், மனச்சோர்வு, கடைசியில் ஏற்பு! அதாவது ஊழியர் மனச்சோர்வில் விழுவது எதிர்பார்த்த ஒரு கட்டமாகவே பாடத்தில் இருந்தது.

2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 35 ஊழியர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இது நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சொன்ன கணக்கு. சிலர் எழுதி வைத்த கடிதத்தில் வேலையைத்தான் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். 2009 செப்டம்பரில் லொம்பார் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது தற்கொலை ஒரு 'ஃபேஷன்' ஆகிவிட்டது போலப் பேசிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். தலைமையின் பார்வையில் அப்போதும் கோளாறு அந்த ஆட்களிடம்தான் இருந்தது.

தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. 2007லேயே இரண்டு சங்கங்கள் சேர்ந்து ஊழியர்களின் மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றங்களையும் கண்காணிக்க ஓர் அமைப்பை உருவாக்கி ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தன. 2009 டிசம்பரில் குற்றப் புகார் கொடுக்கப்பட்டது. 2010 பிப்ரவரியில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர் தமது அறிக்கையை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார். அடுத்த மாதமே லொம்பார் தலைமை நிர்வாகப் பதவியை வேறொருவரிடம் ஒப்படைத்தார்.

தீர்ப்பு

விசாரணை பாரிஸில் 2019 மே மாதம் தொடங்கி இரண்டு மாதம் நடந்தது. 39 பேரின் கதைகளை நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. அவர்களில் 19 பேர் உயிரை விட்டவர்கள், 12 பேர் முயன்று பிழைத்தவர்கள், 8 பேர் மனச்சோர்வில் விழுந்தவர்கள் அல்லது வேலை செய்ய முடியாமல் போனவர்கள்.

பிரதிவாதிகளின் வாதம் எளிமையானது. 'இவர்களில் பலரை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. பார்க்காத ஒருவரை எப்படித் துன்புறுத்த முடியும்?' 2019 டிசம்பர் 20 அன்று வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஆட்குறைப்பு செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் ஊழியர்களை அச்சத்திலும் நிலையின்மையிலும் வைத்து விரட்டுவதையே வழிமுறையாக்கினால் அது துன்புறுத்தல்தான் என்றது. துன்புறுத்தல் ஒரு நிறுவனத்தின் கொள்கையாகவே இருக்க முடியும் என்பதற்கு 'நிறுவனமயமான துன்புறுத்தல்' என்று பெயரும் வைத்தது. இதோ இன்னொரு பெயர் பிறந்துவிட்டது!

லொம்பாருக்கும் இன்னும் இரண்டு உயர் அதிகாரிகளுக்கும் ஓர் ஆண்டு சிறை (அதில் 8 மாதம் நிறுத்தி வைப்பு), தலா 15,000 யூரோ அபராதம். நிறுவனத்துக்கு 75,000 யூரோ. குற்றம் நடந்த காலத்துச் சட்டப்படி அதிகபட்சமே அவ்வளவுதான். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லொம்பார் உட்பட இருவரின் குற்றத்தை உறுதி செய்து, சிறைத் தண்டனையை முழுவதுமாக நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரி 21 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் கடைசி முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு 75,000 யூரோ ஒரு தொகையே இல்லை. ஆனாலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஒன்று எழுத்தில் கிடைத்தது. கோளாறு அவர்கள் வீட்டு மனிதரிடம் இல்லை என்று ஒரு நாட்டின் நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

நமக்கு இதில் என்ன?

பெயர் வைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கல்லூரிகளில் 'சும்மா விளையாட்டு' என்று விட்டுவந்த ராகிங், 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு 1997இல் சட்டப்படி குற்றமானது. இன்று ஒரு முதலாண்டு மாணவர் 'ராகிங்' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், விஷயம் எல்லோருக்கும் புரிகிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் நமக்கு அப்படி ஒரு வார்த்தை இல்லை. பணியிடத் துன்புறுத்தல், அலுவலகக் கொடுமை, டார்ச்சர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறோம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலை உலகில் வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிக்க 2019 ஜூனில் 190ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2021 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் மெதுவாக வரட்டும். நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வேலைக்குப் போகப் போகிறோம். அங்கே நம்மோடு வேலை செய்யும் ஒருவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். 'அவர் ஒரு மாதிரி, அவரிடம் வைத்துக்கொள்ளாதே' என்று முதல் நாளே யாராவது நம் காதில் சொல்வார்கள். அப்போது அவர் ஏன் அப்படி ஆனார், எப்போதிலிருந்து அப்படி ஆனார் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். லைமன் தொடங்கியதும் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால், நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். மனம் மிகவும் கனத்துப் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.